எட்டெழுத்தில் நின்ற பெயர்

ஓய்வு பெற்ற ஆளுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். கூட வேலை பார்த்த யாராவது தவறியிருப்பார்கள், அல்லது ஏதாவது மெஷின் தகராறு செய்திருக்கும். போன மாதம் எனக்கு வந்தது மெஷின் போன். பேசியவர் பிரவீன். குவாலிட்டி இன்ஜினியர், நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். லீக் டெஸ்ட் பெஞ்சைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்களாம். அதனுடன் ஒட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பதிவுகளை எடுத்து வைக்கச் சொல்லி ஆடிட்டர் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கறுப்புத் திரையில் மவுஸும் இல்லை, படமும் இல்லை, எதை அடித்தாலும் 'பேட் கமாண்ட்' என்று திட்டுகிறது என்றார்.

"ஒரு நாள் வந்துட்டுப் போங்க சார். அப்படியே நம்ம ஆண்டு மலருக்கு டாஸ் காலத்து அனுபவம்னு ஒரு கட்டுரையும் எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லாருக்கும்."

ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் நான் பெரிய கெட்டிக்காரனாக வந்தேன். மெஷினை மீட்டவன், லைனைக் காப்பாற்றியவன், 'டாஸ் தனசேகர்' என்று பட்டம் வாங்கியவன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. இது ஐந்தாவது முறை. மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, இதை எழுதாமல் இனி எனக்குச் சோறு இறங்காது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வல்லம் வடகால் பக்கம் எங்கள் ஊர். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குப் பறிகொடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, தாம்பரத்தில் ஒரு மாடியறை கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதப் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டது டாஸ். இரண்டு மூன்று சின்னக் கம்பெனிகளில் அலைந்துவிட்டுக் கடைசியில் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன்.

இப்போதைய பிள்ளைகளுக்காக டாஸைப் பற்றி நாலு வரி. விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை இயக்கியது அதுதான். திரை முழுக்கக் கறுப்பு. இடது ஓரத்தில் ஒரு சி, ஒரு முக்காற்புள்ளி, ஒரு சாய்கோடு, பக்கத்தில் மின்னிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோடு. நீங்கள் கட்டளையை அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். தப்பாக அடித்தால்தான் வாயைத் திறக்கும். என் அப்பாவும் அதே குணம்தான். அதனால் டாஸ் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது.

நான் சேர்ந்தபோதே உலகம் விண்டோஸுக்குப் போய்விட்டது. ஆனால் வெளிநாட்டில் மூடிய ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கி வந்த எங்கள் டெஸ்ட் பெஞ்ச், தன் கம்ப்யூட்டரையும் சீதனம் போலக் கூடவே கொண்டு வந்திருந்தது. அதில் டாஸ்தான். அதைத் தொட மற்றவர்களுக்குப் பயம், எனக்குக் கொண்டாட்டம். ஊரில் எல்லாரும் மறந்துவிட்ட ஒன்று நமக்கு மட்டும் தெரியும் என்றால் மனுசனுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடுகிறது. எனக்கு இரண்டு முளைத்திருந்தன.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் ரங்கராஜன் சார். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, சட்டைப் பையில் இரண்டு பேனா. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்று ஒரே ஒரு முறை கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் பாதிப் பேருடைய பொய் உதிர்ந்துவிடும். டாஸும் மொத்த ஃபைல்களையும் அழிக்கச் சொன்னால் 'நிச்சயமா' என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்பதற்கு 'ஒய்' அடிக்கிறோமா, இல்லை என்பதற்கு 'என்' அடிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும். "சாரை வெச்சுத்தான்யா டாஸையே எழுதினானுங்க" என்று கேன்டீனில் நாங்கள் கிண்டல் செய்வோம்.

லீக் டெஸ்ட் என்பது சின்ன வேலை, ஆனால் பிரேக் சம்பந்தப்பட்ட வேலை. பிரேக் சிலிண்டரை அச்சில் வைத்து நெம்புகோலை இறக்க வேண்டும். ரப்பர் சீல் இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே காற்று ஏறும், வால்வு மூடும், பிறகு சில விநாடி காத்திருக்க வேண்டும். காற்றழுத்தம் இறங்காவிட்டால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சில சமயம் சிலிண்டர் நல்லதாகவே இருக்கும், ரப்பர் சீலில் தூசி ஒட்டியிருந்தால் அதனால் சிவப்பு வரும். அதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தோம். முதலில் சீலைத் துடை, மறுபடி டெஸ்ட் செய், அப்போதும் சிவப்பு என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிடு, அவர் பார்த்துச் சரி என்றால் மட்டும் எஃப் எட்டு என்ற விசையை அழுத்து. எஃப் எட்டை அழுத்தினால் மெஷின் கேள்வி கேட்காமல் பாஸ் போட்டுவிடும். ஆனால் அந்தச் சிலிண்டரின் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். யார் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பது ஆளுக்கொரு ஃபைலில் சேர வேண்டும் என்பது என் ஏற்பாடு.

அதற்காக நானே ஒரு சின்ன கட்டளைத் தொகுப்பு எழுதினேன். அதற்கு MUDI என்று பெயர் வைத்தேன். ஷிஃப்ட் முடியும்போது ஆபரேட்டர் MUDI என்று அடித்து, ஒரு இடம் விட்டுத் தன் பெயரை அடிக்க வேண்டும். அன்றைய பதிவு முழுவதும் அவர் பெயரில் இருக்கும் ஃபைலில் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழில் கட்டளை என்பதால் லைனில் ஒரே குஷி. "முடி வெட்டியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே ஷிஃப்ட் மாறுவார்கள். அந்த வருடம் கம்பெனி விழாவில் அதற்காக எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். இன்னும் என் வீட்டு டிவி மேல் இருக்கிறது.

டோக்கன் நம்பரை வைத்துவிடலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். ரங்கராஜன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா அம்மா ஆசையா ஒரு பேரு வெச்சிருக்கா. ஜெயில் கைதி மாதிரி நம்பர் போடாதீங்கோ, பேரே இருக்கட்டும்" என்றார். நல்ல மனசில் சொன்னது. ஆனால் டாஸில் ஃபைல் பெயருக்கு எட்டெழுத்துதான் இடம். ஒன்பதாவது எழுத்திலிருந்து அதுவாகவே வெட்டிவிடும், வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. இதை நான் சாரிடம் சொன்னபோது சிரித்தார். எட்டெழுத்து மந்திரத்தை ஊரறியச் சொன்ன மகான் பிறந்த ஊர்க்காரர் இல்லையா. "போறும் ஓய். மோட்சமே எட்டெழுத்துலதான் இருக்கு" என்றார்.

இன்னொரு கட்டுப்பாடு நானே போட்டேன். இனிஷியல் அடிக்கக் கூடாது. நம் ஆட்கள் பெயர் எழுதினால் அப்பா பெயரின் எழுத்தைப் போட்டு, புள்ளி வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். டாஸுக்குப் புள்ளி என்றால் பெயர் அங்கே முடிந்துவிட்டது என்று அர்த்தம். புள்ளி வைத்தவர்கள் ஃபைல் எல்லாம் குழம்பிப் போனது. "அப்பனை வூட்ல விட்டுட்டு வாங்கடா" என்று லைனில் நின்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். கலைச்செல்வி. படப்பைப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் கான்ட்ராக்ட் ஆபரேட்டர், பிளஸ் டூ படித்தவள், இருபது இருபத்தோரு வயது இருக்கும். பெஞ்சில் இரண்டு வருடமாகக் காலை ஷிஃப்ட். சீலைத் துடைக்கும் துணியை அவளே வீட்டிலிருந்து துவைத்து எடுத்து வருவாள். பெர்மனென்ட் ஆக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயர் போயிருந்தது. அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கப் போகிற முதல் ஆள் அவள்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

மாதம் ஒரு முறை எல்லா ஃபைல்களின் சுருக்கத்தையும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். ஒரு நாள் அதைக் காட்டி என்னிடம் கேட்டாள்.

"சார், இன்னா சார் இது, என் பேரு பாதிலயே நின்னுகினு கீது?"

பார்த்தேன். KALAISEL என்று இருந்தது. எட்டெழுத்து. "மெஷினுக்கு இவ்ளோ போதும்மா. நீ யாருன்னு அதுக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியலையே சார். கலைசெல்னா யாரு?" என்றாள். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். இன்று நினைத்தால், இருபது வருட அனுபவத்தில் என் புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மதிய ஷிஃப்டுக்கு மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு பையனை மாற்றினார்கள். அவன் பெயர் கலைச்செல்வன். நான்தான் பெஞ்சில் நின்று பயிற்சி கொடுத்தேன். இனிஷியல் வேண்டாம், பெயரை மட்டும் அடி என்று நானே சொன்னேன். அவன் KALAISELVAN என்று அடித்தான். டாஸ் வழக்கம் போல் பேசாமல் வாங்கிக்கொண்டது. செல்வி, செல்வன் இரண்டும் எட்டாவது எழுத்தில் ஒன்றாகிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டெழுத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்கு விரல் விட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. எங்களிடம் சிலிண்டர் வாங்கும் கார் கம்பெனி, லீக் ஆகும் சிலிண்டர்கள் என்று ஒரு பெட்டி திருப்பி அனுப்பியது. நல்லவேளை, அவர்கள் லைனிலேயே பிடித்துவிட்டார்கள், வண்டி எதுவும் ரோட்டுக்குப் போகவில்லை. பெட்டியில் இருந்த நம்பர்களை வைத்து நான் தேடினேன். எல்லாம் KALAISEL ஃபைலில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரம்.

எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட் என்று பார்த்திருந்தால் அங்கேயே விஷயம் வெளியே வந்திருக்கும். பார்க்க முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் கடிகார பேட்டரி செத்து மாதக் கணக்காகி இருந்தது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்றைக்கு என்ன தேதி, என்ன நேரம் என்று டாஸ் கேட்கும். யாருக்கு அதற்கெல்லாம் பொறுமை? "ரெண்டு எண்ட்டர் தட்டிட்டு உள்ள போ" என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால் எங்கள் பெஞ்சில் எல்லா நாளும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி ஒன்றுதான். பேட்டரியை மாற்றச் சொல்லி ரங்கராஜன் சார் இரண்டு முறை சொல்லியிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை சாரின் அறையில் நடந்தது. பெர்சனல் டிபார்ட்மென்ட் ஆள் ஒருவர், கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர், பிரிண்ட் எடுத்த தாள்களோடு நான். கலைச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். எஃப் எட்டை ஏன் இத்தனை முறை அழுத்தினாய் என்று கேட்டார்கள். தான் அழுத்தவில்லை, அந்த மாதம் மொத்தமே இரண்டு முறைதான், அதுவும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது என்றாள். சார் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஃபைலின் அளவை நான் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், பொறுப்பான ஆள் என்று தெரிய வேண்டுமே. சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தனசேகர், இது இந்தப் பொண்ணோட ஃபைல்தானே? நிச்சயமா?"

"நிச்சயம் சார். மெஷின் பொய் சொல்லாது" என்றேன்.

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். "அதுல என் பேரே முழுசா இல்லையே சார்" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார். அது டாஸின் வழக்கம், எட்டெழுத்துக்கு மேல் வாங்காது என்று விளக்கம் கொடுத்தேன், கொஞ்சம் அலுப்போடு கூட. அன்று மதியமே அவளை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் சேஃப்டி ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். கையில் டிபன் பாக்ஸும் அந்த சீல் துடைக்கும் துணியும் இருந்தன.

அதுவரை நடந்தது தெரியாமல் செய்த தப்பு. அதோடு நின்றிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது.

இரண்டு வாரம் கழித்து, மாதச் சுருக்கம் எடுப்பதற்காக ஃபைல் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். KALAISEL அங்கே இருந்தது. அதன் அளவு, நான் சிவப்பு வட்டம் போட்டதை விடப் பெரிதாக இருந்தது. ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது, அவள் ஃபைல் மட்டும் தினமும் வேலைக்கு வந்து வளர்ந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். புதுப் புது நம்பர்கள். புதுப் புது நட்சத்திரங்கள். மதிய ஷிஃப்ட் முடியும் நேரம் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றேன். கலைச்செல்வன் அவசர அவசரமாக MUDI அடித்து, பக்கத்தில் தன் பெயரை அடித்தான். செல்வியும் செல்வனும் ஒரே ஃபைலில் விழுந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

சாரின் அறை இருபது அடி தூரம். போனேன். கதவைத் திறந்தேன். அன்று வரை நான் ஒழுங்கான ஆள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். உதவி மேனேஜர் பட்டியலில் என் பெயர் இருந்தது. அந்த வாரம்தான் கையெழுத்தாகப் போகிறது. என் புரோகிராமில் தப்பு, என் பேட்டரி சோம்பேறித்தனம், என் 'நிச்சயம் சார்' எல்லாம் ஒரே நாளில் மேஜைக்கு வந்தால் என்ன ஆகும் என்று அந்த இருபது அடிக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன்.

"என்ன ஓய்?" என்றார் சார்.

"கம்ப்யூட்டர் பேட்டரி மாத்தணும் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேட்டரிக்கெல்லாம் அவர் கண்ணாடி கழற்றியதில்லை. "அவ்வளவுதானா? நிச்சயமா?" என்றார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு ஆயுள் போல இருந்தது.

"ஆமா சார்" என்றேன்.

சொல்லியிருந்தால் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க மாட்டார், அது எனக்கு அப்போதே தெரியும். வருத்தப்பட்டிருப்பார், அடுத்த நிமிடம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பார். பயமுறுத்துகிற மேனேஜராக இருந்தால் பயத்தில் மறைத்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. வெட்கங்கெட்ட ஆசைதான் காரணம்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் மிகச் சரியான வேலைகள். பேட்டரியை மாற்றினேன். MUDI-யில் பெயரை எடுத்துவிட்டு டோக்கன் நம்பர் வைத்தேன், பெயர்கள் நீளமாக இருப்பதால் குழப்பம் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். எஃப் எட்டை சூப்பர்வைசரின் ரகசியச் சொல் இல்லாமல் அழுத்த முடியாதபடி பூட்டினேன். கலைச்செல்வனைப் பழைய இடத்துக்கே அனுப்ப வைத்தேன். கொஞ்ச நாளில் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். மெஷினையெல்லாம் திருத்திவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு நடந்ததை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

KALAISEL ஃபைல் பாக்கி இருந்தது. ஒரு ஃபைலை மட்டும் அழிக்கச் சொன்னால் டாஸ் 'நிச்சயமா' என்று கேட்காது, உடனே அழித்துவிடும். அழிக்கிற கட்டளையை அடித்துவிட்டேன், எண்ட்டர் தட்ட விரல் வரவில்லை. வெளியே காட்டவும் தைரியம் இல்லை, அழிக்கவும் தைரியம் இல்லை. டாஸில் அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. ATTRIB என்று அடித்து, கூட்டல் குறி போட்டு ஒரு எச் சேர்த்தால், ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும், பட்டியலில் மட்டும் தெரியாது. அதைச் செய்தேன். பிறகு வருடக் கணக்கில் அந்தப் பட்டியல் சுத்தமாக இருந்தது. உதவி மேனேஜர் ஆனேன், மேனேஜர் ஆனேன். ரங்கராஜன் சார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் போய், அங்கேயே காலமானார். அவரிடம் சொல்லும் வாய்ப்பும் போயிற்று.

அவளைப் பற்றி அப்போதைக்கப்போது காதில் விழும். கான்ட்ராக்டர் அவள் பெயரை மற்ற இடங்களுக்கும் சொல்லிவிட்டதால் இந்தப் பக்கம் எந்த கேட்டிலும் அவளை எடுக்கவில்லை என்றார்கள். அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது படப்பையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பெயர் திருத்தம் என்று போர்டு போட்டிருந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்ததில்லை. ஓய்வுக்கான தாள்களை ஜெராக்ஸ் எடுக்க, பக்கத்தில் இருக்கும் படப்பையை விட்டுவிட்டு சிங்கப்பெருமாள் கோவில் வரை போனேன். ஏன் இவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டபோது, அங்கே மை நன்றாக விழுகிறது என்றேன்.

போன மாதம் பிரவீனுக்காகப் போய் அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. பட்டியலை வரவழைத்து எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதானா சார் என்றார் பிரவீன். அவருக்கு ரங்கராஜன் சாரைத் தெரியாது, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவரும் காத்திருந்தார். நான் ATTRIB என்று அடித்தேன். பட்டியலின் நடுவில், பக்கத்தில் ஒரு எச்சோடு, KALAISEL வந்து நின்றது.

"இது மட்டும் ஏன் சார் மறைஞ்சிருந்துச்சு?"

"நான்தான் மறைச்சேன்" என்றேன். வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். திரையைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, "நீங்க அவங்களைப் போய்ப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று திரும்பும்போது படப்பையில் இறங்கினேன். கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அவருடைய ஆதாரில் முருகேசன் என்பது முருகேஷ் என்று விழுந்திருக்கிறதாம். கலைச்செல்வி அதை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்துத் தட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அடையாளம் தெரிந்தது. "உக்காருங்க சார், இதை முடிச்சிட்டு வரேன்" என்றார். ஒரு காலத்தில் வாம்மா போம்மா என்று பேசிய எனக்கு இப்போது 'நீங்க' என்றுதான் வாயில் வந்தது.

பெரியவர் போனதும் சொன்னேன். செல்வி, செல்வன், எட்டெழுத்து, பேட்டரி, நான் சொன்ன நிச்சயம், எல்லாம். போனில் இருந்த படத்தையும் காட்டினேன். அவர் பிரிண்டரில் தாள் அடுக்கிக்கொண்டே கேட்டார். நடுவில் கை நின்றது.

"அப்பவே சொன்னனே சார்" என்றார். பிறகு, "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

"நீங்க போய் ரெண்டு வாரத்துலயே."

அவர் தாளைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரம்னா நான் வூட்லயே தான் சார் இருந்தேன். வேற எங்கயும் தேடக்கூட இல்ல. கண்டுபுடிச்சிடுவாங்க, கூப்புடுவாங்கன்னு போனையே பாத்துகினு இருந்தேன்."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்றார். குரல் உயரவில்லை. "ஊர்ல ஆளாளுக்குப் பேசுனாங்க, போவட்டும். எங்க அப்பா கடைசி வரைக்கும் நம்பல சார். கம்பெனிக்காரன் சும்மாவா அனுப்புவான், நீ இன்னாமோ பண்ணிருப்பேன்னு சொல்லிகினே போய் சேந்துட்டாரு."

லைனில் நின்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. அப்பனை வீட்டில் விட்டுவிட்டு வாங்கடா. புள்ளி இல்லாமல் அந்த ஒரு எழுத்தையாவது அடிக்க விட்டிருந்தால் இரண்டு பேருடைய பதிவுகளும் ஒன்றாகச் சேர்ந்தே இருக்காது.

ஏதாவது செய்கிறேன், கம்பெனியில் பேசுகிறேன் என்று உளறினேன். அவர் கேட்கவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார்.

"எழுதிக் குடுங்க சார். நான் பண்ணலன்னு. எங்க அப்பா இனிஷியலும் சேத்து, முழுப் பேரு போட்டு."

"இனிஷியல்?" என்று கேட்டேன். இரண்டு வருடம் என் பெஞ்சில் வேலை பார்த்தவரின் இனிஷியல் எனக்குத் தெரியவில்லை.

"மு" என்றார்.

எழுதினேன். அந்த நட்சத்திரங்கள் இவருடையவை அல்ல, தப்பு என்னுடையது, தெரிந்த பிறகும் மறைத்தது நான். முடித்து அவரிடம் நீட்டினேன். அவர் விண்ணப்பம் சரிபார்க்கிறவர் போல ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பேனாவை எடுத்தார்.

நான் 'மு. கலைசெல்வி' என்று எழுதியிருந்தேன். அவர் நடுவில் ஒரு சின்ன குறி போட்டு, மேலே 'ச்' எழுதினார்.

"இப்பவும் ஒரு எழுத்து வுட்டுட்டீங்க சார்" என்றார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து போடுங்க. நீங்களும் முழுப் பேரு."

இனிஷியலோடு போட்டேன்.